சாலட்டுக்கு யார் பேர்?

“சீசர் சாலட்னு சொல்றோமே, அந்தச் சீசர்னா ஏதோ ராஜா பேருன்னுதானே நெனச்சிட்டிருக்கீங்க? இல்லவே இல்ல. அது ஒரு ஓட்டல்காரர் பேரு. அவர் கலந்து கொடுத்த சாலட், அவர் பேரிலேயே நின்னுடுச்சு.”

புதுசாக வந்த சமையல்காரன் லெட்டூஸ் இலைகளைத் துடைத்தபடியே சொன்னான். கிச்சனே வாயைப் பிளந்து கேட்டது.

பெரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாலு வருஷமாக இந்த ஓட்டலில் சாலட் மேஜை அவளுடையது. முதலாளி முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் பெரியக்காதான். ஒருநாளாவது அவள் பேச்சை இப்படி யாராவது கேட்டிருப்பார்களா?

“இப்ப எதுக்கு இந்தக் கதை?” என்றாள்.

“புது மெனு கார்டு வருதுல்லக்கா. என் சாலட் முதலாளிக்குப் பிடிச்சா, அதுக்கும் ஒரு ஆள் பேரு வைக்கலாமான்னு கேட்டேன். சரின்னுட்டார்.”

“யார் பேரு?”

அவன் சிரித்து மழுப்பிவிட்டு, இலைக் கிண்ணத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, முதலாளியை அழைத்துவரப் போனான்.

யார் பேராம்! வந்து மூணு மாசம் ஆகவில்லை, ஐயாவுக்குக் கார்டில் பேர் கேட்கிறது. அதுவும் எந்தச் சாலட்டுக்கு? பூண்டை வறுத்து அரைத்துச் சாஸில் சேர்ப்பது அவளுடைய பக்குவம். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே சுட்டுவிட்டான்.

பெரியக்கா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கிண்ணத்தை எடுத்து, எரிகிற அடுப்பின் ஓரத்தில் வைத்தாள். பிறகு ஒன்றும் அறியாதவள்போல வெள்ளரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

கால் மணி நேரம் கழித்து முதலாளியோடு வந்தவன் பதறிப்போனான்.

“ஐயோ! இதை நான் ஃப்ரிட்ஜுல வைக்கலையா?”

“எனக்கென்னப்பா தெரியும்?”

வேறு இலை கழுவித் துடைக்க நேரமில்லை. இருந்த இலையிலேயே சாஸைக் கலந்து கொடுத்தான். முதலாளி ஒரு வாய் சாப்பிட்டார். முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“சாஸ் பிரமாதம். ஆனா இலை இப்படித் துவண்டு கெடக்கே! நாளைக்குக் கார்டு அச்சுக்குப் போகுது. இது வேணாம்ப்பா.”

பெரியக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

முதலாளி போனதும் அவன் நேராக அவளிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. பாக்கெட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். கார்டில் அச்சடிக்க எழுதி வைத்தது. ‘பெரியக்கா சாலட்’ என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது.

“மன்னிச்சிடுங்கக்கா. அச்சாகி வந்தப்புறம் காட்டலாம்னு இருந்தேன். என்னோட மறதியால உங்களுக்குக் கெடைக்க வேண்டியது கெடைக்காமப் போச்சு.”