நாலு விரல் இறக்கம்

"ஸீட் மறுபடியும் இறங்கிடுச்சுண்ணே!"

மூன்றாவது வாரமாக அதே புகார். மலைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தார் பேங்க்காரர்.

"காலையில சரியா இருக்கு. சாயங்காலம் பேங்க்லேர்ந்து எடுத்தா நாலு விரல் கீழே. பேய் கீய் உட்காருதா? எங்க பேங்க்ல டீ போடற உங்க வீட்டம்மா சொன்னாங்களேன்னுதான் நம்பி உங்ககிட்ட இந்தப் பழைய சைக்கிளை வாங்கினேன்."

"பேயாவது ஒண்ணாவது! கம்பியில கிரீஸ் பட்டா வழுக்கும். துடைச்சுட்டு கிளாம்பை இறுக்கினா போதும்," என்றார் மெக்கானிக்.

கிளாம்பை இறுக்கும் ஐந்தாம் நம்பர் ஆலன் கீயைத் தேடினார். ஒரு மாதமாகவே அதைக் காணோம். பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி வந்து குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

வழுக்கியிருந்தால் கம்பியில் நீளமாகக் கீறல் விழுந்திருக்கும். ஒரு கீறல்கூட இல்லை. யாரோ கழற்றி, இறக்கி, பதமாக இறுக்கியிருக்கிறார்கள். அதுவும் கம்பியில் நெயில் பாலிஷால் போட்டிருந்த பழைய கோட்டுக்கு நேராக.

அன்று சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், மனைவியின் சாப்பாட்டுப் பையைத் துழாவினார். டிபன் டப்பாவுக்கு அடியில் கிடந்தது ஆலன் கீ.

மனைவி மறைக்கவில்லை. சுவரில் சிரித்துக்கொண்டிருந்த மகளின் படத்தை ஒருமுறை பார்த்தாள். போன வருஷம் மண்ணுக்குள் போன மகள், தன் உயரத்துக்குப் போட்டுவைத்த கோடு அது.

"வித்தது சரிதாங்க. ஆனா பகல் பூரா அது சும்மாதானே நிக்குது? அவ வந்தா கால் எட்ட வேண்டாமா?"

அவர் கீயைத் துடைத்து, டப்பாவுக்கு அடியிலேயே திரும்ப வைத்தார்.