யாசிர் கேட்ட கேள்விகள்

"இன்னா பிரிசில்லாக்கா, அந்த யாசிருக்கு இன்னிக்கும் பதில் போட்டுட்டீங்களா?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள் மஹீன்.

"கேட்டாரு, சொன்னேன்" என்றாள் பிரிசில்லா, தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் தைத்தவள் பிரிசில்லா. இப்போது வீட்டுக் கூடத்திலேயே இரண்டு மிஷின் போட்டு, தோல் பெல்ட்டும் பர்ஸும் செய்து விற்கிறாள். மஹீன் வாணியம்பாடிக்காரி; கைப்பை செய்பவள். தங்களைப் போன்ற சின்ன முதலாளிகளுக்காக வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தவள் அவள்தான். நூற்றெண்பது பேர் இருந்தார்கள்.

குழுவுக்கு ஒரே சட்டம். காலை பத்து மணிக்கு, இன்றைக்கு முடிக்கப்போகிற ஒரு வேலையை எழுத வேண்டும். மாலை ஐந்துக்கு, முடிந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

முதல் மாதம் எல்லோரும் எழுதினார்கள். அப்புறம் குட்மார்னிங் பூக்களும் கல்யாண வீடியோக்களும் கட்சிச் சண்டையும் வந்து குவிந்தன. பிரிசில்லா எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு இரண்டே முறை குழுவைத் திறப்பாள். தன் வேலையை எழுதுவாள், யாராவது கேட்டிருக்கும் சந்தேகத்துக்கு ஒரு பதில் சொல்வாள், மூடிவிடுவாள். எட்டு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. மகளுக்கு டைபாய்டு வந்த வாரத்தில்கூட ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, 'இன்று எந்த வேலையும் முடியவில்லை' என்று எழுதினாள்.

அவளைப் போலவே விடாமல் எழுதிய இன்னொரு ஆள் யாசிர்.

"யாரு, எந்த ஊரு, கடை பேரு இன்னா, எதுவும் தெரியாது" என்றாள் மஹீன். "ரெண்டு மீட்டிங் வெச்சோம், ரெண்டுக்கும் வரல. பெரிய கம்பெனி ஆளா இருப்பாருன்னு நம்ம குழு வக்கார் பாய் சொல்றாரு. உங்க வேலைய ஒண்ணொண்ணா கத்துக்கிட்டு உங்களுக்கே போட்டியா வரப் போறாரு. குழுவுலேர்ந்து எடுத்துடட்டுமா?"

பிரிசில்லாவின் கால் மிஷின் பெடலில் நின்றது.

அவளுக்கும் அந்தப் பயம் உண்டு. பெல்ட் ஓரத்துக்குக் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு ஏற்றும் பக்குவத்தை இரண்டு வருஷம் முயன்று கண்டுபிடித்தவள் அவள். கூடப் பிறந்த தங்கைக்கே சொல்லாததை, யாசிர் கேட்டதும் சொல்லிவிட்டாள். அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் சென்னைக் கடை ஒன்று முந்நூறு பெல்ட் கேட்டிருக்கிறது. அதே பெல்ட்டை நாளைக்கு வேறு ஒருவன் கொண்டுபோய் நீட்டினால்?

"கம்பெனிக்காரன் இப்படியெல்லாம் கேக்க மாட்டான் மஹீன்" என்றாள். "கத்தியே இல்லாம தோல் வெட்ட முடியுமான்னு கேட்டாரு. அச்சு வெச்சு அமுக்கச் சொன்னேன். ஊசி உடைஞ்சா ஒரு துண்டு விடாம கிடைக்கணும்னாரு. மிஷின் காலடியில காந்தம் வைக்கச் சொன்னேன். ரெண்டு மாசமா குழுவுல அவரு போடுற போட்டோவுல தையலப் பாத்தியா? நூல் புடிச்ச மாதிரி நேரா ஓடுது. நானே கையப் புடிச்சு சொல்லிக் குடுத்த மாதிரி இருக்குது."

"அதான் எனக்கு பயமே! போன் போடுங்க. பட்டறைய பாக்கணும்னு கேளுங்க. ஒழுங்கான ஆளா இருந்தா காட்டட்டும்."

பிரிசில்லா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், நீங்களா!" யாசிரின் குரல் பதறியது, சந்தோஷத்தில்.

"உங்க பட்டறைய பாக்கணும் யாசிர் பாய். நாளைக்கு வரட்டுமா?"

யாசிரின் குரல் இறங்கியது. "நாளைக்கு முடியாது மேடம். மேல கேட்டுட்டு சொல்றேன்."

போனை வைத்ததும் மஹீன் கையைத் தட்டினாள். "பாத்தீங்களா? மேல ஒரு முதலாளி இருக்காரு!"

பிரிசில்லாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் மறுநாள் பத்து மணிக்குத் தன் வேலையை எழுதினாள். யாசிர் கேட்டிருந்த கேள்விக்கும் பதில் சொன்னாள். கேட்டவருக்குச் சொல்லாமல் இருக்க அவளுக்கு மனசு வரவில்லை.

நான்கு நாள் கழித்து அழைப்பு வந்தது. "வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வாங்க மேடம். வேலூர் பஸ் ஸ்டாண்டுல எனக்குத் தெரிஞ்ச ஆட்டோ நிக்கும்."

இருவரும் போனார்கள். பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது, "நேரா கேட்டுடுங்க, விடாதீங்க" என்று மஹீன் சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்க வேண்டியதைப் பிரிசில்லா மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஆட்டோ ஓர் உயரமான மதிலின் முன்னால் நின்றது. காக்கி உடுப்பில் ஒருவர் ஓடிவந்து சல்யூட் வைத்தார்.

"நான்தான் யாசிர், மேடம். இங்க வார்டன். எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட தெரியாது. கேள்வி எல்லாம் உள்ள தையல் கத்துக்குற நாப்பது பேரோடது. காலைல எழுதித் தருவாங்க, நான் குழுவுல போடுவேன். உங்க பதில படிச்சுக் காட்டினா எல்லாரும் எழுதி வெச்சுப்பாங்க. அவங்க கையில போன் குடுக்க முடியாது, கத்தியும் குடுக்க முடியாது. உங்கள பாக்க குளிச்சுட்டு காலைல ஏழு மணிக்கே வரிசையில உக்காந்துட்டாங்க மேடம்."

மஹீன் பிரிசில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்திய சிறையின் சின்னக் கதவருகே பதிவேட்டை விரித்து வைத்திருந்த காவலர், பேனாவைத் தூக்கியபடி கேட்டார். "உள்ள இருக்கிறவங்க உங்களுக்கு இன்னா வேணும்மா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள் பிரிசில்லா.

"என்கூட தொழில் பண்றவங்கன்னு எழுதுங்க சார்."