ஊர் நேரம்

அந்தக் கோவைக் கல்லூரி விடுதியில் மாலை ஆறிலிருந்து ஏழு வரை 'ஊர் நேரம்'. விண்ணப்பத்தில் எழுதிய சொந்த ஊரின் ஓசையை ஹெட்போனில் கேட்டு மாணவர்கள் மனம் ஆற வேண்டும். அப்படியும் ஆறாமல், கைப்பட்டையில் மன அழுத்தம் தொடர்ந்து மூன்று நாள் தொண்ணூறைத் தாண்டினால், ஓராண்டு ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இசக்கிராஜுக்கு இரண்டு நாள் முடிந்துவிட்டது. அப்பா சொன்னாரே என்று சொந்த ஊர் திருநெல்வேலி என்று எழுதியிருந்தான். பிறந்து வளர்ந்ததெல்லாம் மும்பை தாராவியில். காதில் தாமிரபரணி சலசலக்கும்போதெல்லாம் அவனுக்கு ஊர் நினைப்பு வரவில்லை, ஒன்றுக்குத்தான் வந்தது.

"இன்னிக்கும் தொண்ணூத்தஞ்சாடா?" என்றான் அறைத்தோழன் ஜோவல், பெரம்பூர் ரயில்வே குடியிருப்புக்காரன். "என்னுது எண்பத்தெட்டு. ரயில் சத்தம் தாங்காமத்தான் மச்சி ஹாஸ்டலுக்கு ஓடியாந்தேன். இங்கயும் அதையே போட்டு வுடுறானுங்க."

"ரயிலா? எலே, அத இங்க குடு!"

ஹெட்போனை மாற்றிக்கொண்டார்கள். இசக்கிராஜின் காதில் தண்டவாளம் தடதடத்தது. தாராவி வீட்டில் ரயில் கடக்கும்வரை அம்மா வாயை மூடிக்கொண்டு நிற்பாள். கடந்ததும் விட்ட இடத்திலிருந்து திட்டுவாள். நினைத்ததும் சிரித்துவிட்டான். கைப்பட்டை நாற்பதுக்கு இறங்கியது. ஜோவல் அதற்குள் தாமிரபரணிக் கரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடுதிக் காப்பாளர் இசக்கிராஜின் முதுகில் தட்டினார்.

"பாத்தியா தம்பி, தாமிரபரணின்னா சும்மாவா?"

"ஆமா சார். மூணு நிமிஷத்துக்கு ஒருக்க ஹாரன் அடிச்சிட்டுல்லா போவுது."

காப்பாளர் அதையும் பெருமையோடு குறித்துக்கொண்டார்.