ஆறாவது முட்டை

மலேசியாவின் கிள்ளானில், இல்யாஸின் தீவனக் கடையில், பிற்பகல் வெயில் சோள மூட்டைகளின் மீது சாய்ந்து கிடக்கிறது. மேசையில் முட்டை பொரிக்கும் இரண்டு இன்குபேட்டர்கள் இளஞ்சூட்டோடு மெல்ல இரைகின்றன. ஒன்று வெள்ளை நுரைப்பெட்டி, மற்றொன்று உள்ளே தெரியும் மூடி கொண்டது. எதிரே ஜெரால்டின் அம்மையார், துண்டில் சுற்றிய ஆறு முட்டைகளை வயிற்றோடு அணைத்தபடி நிற்கிறார். பத்தொன்பது நாள் அடைகாத்த கோழி இன்று காலை நாய்க்கு அஞ்சி ஓடியது, இன்னும் திரும்பவில்லையாம். "சீக்கிரம் சொல்லுங்க லா, சூடு போகுது," என்று பக்கத்தில் நிற்கும் கணவர் லியனார்டை அவசரப்படுத்துகிறார். "முட்டையத் தானா திருப்புற மெஷின் வேணும் பாஸ், இவங்க மறந்துடுவாங்க," என்கிறார் லியனார்ட் கடைக்காரரிடம். "நானா? சர்ச்சுல குடைய விட்டுட்டு வந்தது யாரு?"

"பத்தொன்பது நாள் ஆச்சுன்னா இனி திருப்பவே கூடாது அங்கிள்," என்று இல்யாஸ் சிரித்தபடி உள்ளே தெரியும் மூடியைத் திறக்கிறார். "சண்டை முடியிற வரைக்கும் இதுல இருக்கட்டும்."

ஐந்து முட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்குகின்றன. ஆறாவதை ஜெரால்டின் தம் காதருகே பிடிக்கிறார், கண்கள் விரிகின்றன. அதைக் கணவரின் காதில் வைக்கிறார். கீச்சென்ற அந்தச் சிறு குரல், தினை வாங்க வந்து அருகில் நிற்கும் எனக்கும் கேட்கிறது. "இந்த மெஷினையே எடுத்துக்கலாம்," என்கிறார் லியனார்ட், மிகத் தணிந்த குரலில். ஆறாவதும் உள்ளே சேர, இல்யாஸ் இன்குபேட்டரைக் கட்டிக் கொடுக்க அட்டைப்பெட்டியோடு வந்து மின்கம்பியைப் பிடுங்கக் குனிகிறார். "சுவிட்ச்ச தொடாதீங்க பாஸ்!" லியனார்ட் முக்காலியை இழுத்துப் போட்டு இன்குபேட்டரின் முன் அமர்ந்துவிடுகிறார். "உள்ள ஆள் பேசிட்டு இருக்கான்."