யார் பக்கமும் இல்லாத ஆட்டம்
பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, அரியமுத்துவின் ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் ரேடியோவுக்குக் காதைக் கொடுத்து நிற்கிறார்கள். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட், கடைசி ஓவர். இந்தியாவுக்கு நாலு ரன் வேண்டும். இருப்பது ஒரே விக்கெட். சாய்ந்த வெயில் மேசைமேல் கிடக்கும் ஸ்பீக்கர் காந்தங்களில் மினுங்குகிறது. “எந்தப் பக்கம்ணே? நீங்க சொன்னா தப்பாது” என்கிறான் பஸ் டிரைவர் ராசாங்கம். அரியமுத்து குனிந்து ஈயக்கம்பியை உருக்குகிறான். புகை கண்ணில் படுகிறது, கண் கலங்கவில்லை. திருச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் மகளிடம் இந்த வாயால்தான் சொன்னான்: “ஒங்கம்மா வெள்ளிக்கிழமை வூட்டுக்கு வந்துரும் பாரு.” சொன்னபடி வெள்ளிக்கிழமையே மனைவி செங்கமலம் வந்தாள், வாடகை வேனில், வெள்ளைத் துணி சுற்றி. காரியம் முடிந்து இன்றுதான் கடையைத் திறந்திருக்கிறான். ரேடியோ கரகரக்கிறது. மூன்று ரன் வந்து ஸ்கோர் சமமாகிறது. அடுத்து ஒரு பந்து சும்மா போகிறது. அதற்கடுத்த பந்தில் விக்கெட் விழுகிறது. “டையாம்ல! அப்போ யாரு செயிச்சது?” “யாருமில்லப்பா.” கூட்டம் வாய்விட்டுச் சிரித்துக் கலைகிறது. ராசாங்கம் மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கிறான். “நல்லவேள சொல்லலண்ணே. சொல்லியிருந்தா இன்னைக்கி நீங்களும் தப்பாத்தான் சொல்லியிருப்பீங்க.” அரியமுத்து ரேடியோவை அணைக்கிறான். “அத இன்னொருக்கா சொல்லுப்பா” என்கிறான்.