தோள்மேல் ஆட்சி

"கழுத்தை நெரிக்காதீங்கம்மா, தோளைப் பிடிச்சுக்கோங்க. கீழ போட்டுட மாட்டேன்."

டீச்சர் கையைத் தளர்த்தினார். லிஃப்ட் பழுதாகி நாலு நாள். வீடு ஆறாவது மாடியில். வலது காலில் மாவுக்கட்டு. அதைப் பிரிக்க இன்று ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். சுமை தூக்குகிறவர் யாராவது கிடைத்தால் அனுப்பும்படி காவலாளியிடம் சொல்லியிருந்தார். வந்தவர் அதிகம் பேசவில்லை. குனிந்து முதுகைக் காட்டினார்.

"தினம் என்ன தூக்குவீங்க, தம்பி?"

"பீரோ, ஃப்ரிட்ஜ், சிமென்ட் மூட்டை. வாய் பேசுற சரக்கு இன்னிக்குத்தான்."

டீச்சர் குலுங்கிச் சிரித்தார்.

"ஆடாதீங்கம்மா, படி குறுகல்!"

ஐந்தாவது மாடித் திருப்பத்தில் டீச்சர் மறுபடி ஆரம்பித்தார்.

"சர்ச்சுல பெண்களுக்கு நான்தான் வேத வகுப்பு எடுக்கிறேன். இந்த வாரம் ஒரு வசனம். பிறக்கப்போற ராஜாவைப் பத்தி. ஆட்சி அவர் தோள்மேல இருக்கும்னு வாக்குக் கொடுத்திருக்கு. கிரீடம்னா தலையில, செங்கோல்னா கையில. தோள்ல எதுக்கு? மூணு நாளா மண்டையை உடைச்சுக்கிறேன்."

"எனக்கு வேதமெல்லாம் தெரியாதும்மா." நாலு படி இறங்கினார். மூச்சு வாங்கிக்கொண்டார். "தோளைப் பத்தி வேணா சொல்லலாம். மத்த ராஜாவையெல்லாம் பல்லக்குல வச்சு ஜனங்க தூக்கியிருப்பாங்க. இவர் ஜனங்களைத் தூக்க வர்றவரா இருக்கும். அதுக்குக் கிரீடம் இருந்து என்ன பண்ண? தோள்தான் வேணும்."

டீச்சர் அந்தத் தோளை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார். சுமந்தவருடைய சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்து, டீச்சரின் சேலையும் ஈரமாகியிருந்தது.

மூன்றாவது மாடி வந்தபோது டீச்சரே பேசினார்.

"எனக்கு ஒரே மக. அஞ்சு வருஷமா பேச்சு இல்ல."

"ஏம்மா?"

"நாலு பேரை அதட்டி வேலை வாங்குற அதிகாரியாப் பாத்து வச்சிருந்தேன். அவ தனக்குப் பிடிச்சவரைக் கட்டிக்கிட்டா. வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன்."

அவர் சட்டென்று நின்றார்.

"கனக்குதா, தம்பி?"

"இல்லம்மா. படி வழுக்குது."

படி காய்ந்துதான் கிடந்தது.

"நான் பண்ணினது தப்புன்னு எப்பவோ தெரிஞ்சுபோச்சு. போனை எடுப்பேன், வச்சிடுவேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுறது?"

"அவங்களும் உங்க நினைப்பாத்தான் இருப்பாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

மீதிப் படிகளையும் இறங்கிக் கீழ்த்தளம் வந்து சேர்ந்தார்கள்.

வாசலில் டாக்சி காத்திருந்தது. டீச்சரைப் பின்சீட்டில் மெல்ல இறக்கி, கட்டுப் போட்ட காலை வாகாக நீட்டிவைத்தார். "பத்திரமாப் போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, வலது தோளைத் தேய்த்தபடி நடக்கத் தொடங்கினார்.

"நில்லுங்க!"

திரும்பினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கதவைத் திறந்ததுமே நினைச்சேன், கல்யாணப் போட்டோவுல பாத்ததைவிட ரொம்ப இளைச்சுட்டீங்க. கட்டைப் பிரிச்சாலும் ஆறு மாடி ஏற என்னால ஆகாது. சாயங்காலம் என் மகளையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க, மாப்பிள்ளை."