முத்திரையுள்ள கண்ணாடி

கண்ணாடி அறையை அளக்கக் கவுன்சில் அதிகாரி டேப்பை இழுத்துக்கொண்டு குனிந்ததும், நெவில் தன் மனைவி மாரியனின் பிடரியில் கையை வைத்தான்.

பார்ப்பவர்களுக்கு அணைத்துக்கொண்டது போலிருக்கும். கட்டைவிரல் மட்டும் எலும்பில் அழுந்தியது.

“நாலு மீட்டர் பத்து,” என்றார் அதிகாரி ஹாடன். சின்ன வயது. “அனுமதி வாங்காம, பழைய சுவர்லேர்ந்து மூணு மீட்டர்தான் வெளிய இழுத்துக் கட்டலாம் சார்.”

“அத கட்டுறப்ப வந்து சொல்லியிருக்கணும் தம்பி. இப்ப வந்து டேப்பை ஆட்டினா? அஞ்சு வருஷம் ஆச்சு.”

விதி நெவிலுக்கு மனப்பாடம். அனுமதியில்லாத கட்டடம் நான்கு வருடம் கேள்வியின்றி நின்றுவிட்டால், பிறகு அதை யாரும் தொட முடியாது. நின்றதற்கு அத்தாட்சி வேண்டும். இல்லையென்றால் இடித்தாக வேண்டும்.

அத்தாட்சி இல்லை. இந்தக் கண்ணாடி அறையைக் கட்டியவன் ரசீது கொடுக்காமலே ஸ்பெயினுக்குப் போய்விட்டான்.

பக்கத்து வீட்டு விக்கரி சாட்சி சொல்லியிருப்பார். ஆனால் கவுன்சிலுக்குப் பெயர் போடாத புகார் ஒன்று போயிருப்பது தெரிந்த அன்றே, அது அவர் வேலைதான் என்று நெவில் மண்வெட்டியோடு வேலியைத் தாண்டினான். விக்கரி தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூண்டை ஒரு சில்லு விடாமல் நொறுக்கினான். எழுபது வயது மனிதர் தடுக்க வந்தார். மண்வெட்டிக் காம்பு அவருடைய முன்பற்கள் இரண்டைக் கொண்டுபோனது.

படியில் விழுந்துவிட்டதாக விக்கரி தெருவில் சொல்லிக்கொண்டார்.

மாரியன் அன்று சமையலறை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

இன்று காலையிலும் அப்படித்தான். “வீட்டுக்குள்ள எதுக்குடி ஷூ?” என்று நெவில் கேட்டபோது நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

“இவ எழுதித் தருவா,” என்றான் நெவில். “தேதின்னா இவளுக்கு அத்துப்படி. இல்ல செல்லம்?”

ஹாடன் அதைக் கவனிக்கவில்லை. தோட்டக் கதவை ஒட்டிய கண்ணாடியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் கீழ்மூலையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“இதுல மட்டும் பாதுகாப்பு முத்திரை இருக்கு. மத்ததெல்லாம் சாதாக் கண்ணாடி. இத எப்ப மாத்துனீங்க?”

நெவிலின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா! அறை நிக்காமலா கண்ணாடி மாத்துவாங்க? அதுக்கே நாலஞ்சு வருஷம் இருக்கும். சொல்லு மாரியன், சரியா எப்ப?”

சாதாக் கண்ணாடி பொடியாக உதிராது. சட்டத்தில் கத்தி கத்தியாக நிற்கும்.

அன்று மாரியனின் தலை கண்ணாடியை உடைத்து வெளியே போனபோது வலிக்கவில்லை. முடியைப் பிடித்து அவன் உள்ளே இழுத்தபோதுதான் அறுத்தது. காதின் பின்னால் தொடங்கித் தோள்வரை. பிறகு மறுபடியும் வெளியே தள்ளினான்.

மறுவாரம் கண்ணாடி பொருத்த வந்தவன் தரையைப் பார்த்தான். அவள் கழுத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான். “கதவுப் பக்கம் உடையாத கண்ணாடிதான் போடணும்மா, விதி அப்படி,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

“ரெண்டாயிரத்து ஏழு, மார்ச் பதினேழு,” என்றாள் மாரியன். “சனிக்கிழமை. பெரியாஸ்பத்திரில சீட்டு இருக்கும். இருபத்தேழு தையல்.”

கட்டைவிரல் அப்படியே நின்றது.

“எப்படி உடைஞ்சது மேடம்?”

“என் தலை பட்டு.”

“ஏணிலேர்ந்து விழுந்தா,” என்றான் நெவில். “ஆஸ்பத்திரில போய்க் கேளுங்க, அதத்தான் சொல்வாங்க.”

“அன்னிக்கு நான் அப்படித்தான் சொன்னேன்,” என்றாள் மாரியன்.

அவன் கை பிடரியிலிருந்து எடுபட்டது. அந்தக் கைக்கு மேஜைமேல் இருந்த தேநீர்க் கோப்பை அகப்பட்டது. அவள் குனிந்தாள். காத்திருந்தவள்போலக் குனிந்தாள்.

கோப்பை முத்திரையுள்ள கண்ணாடியில் மோதிச் சிதறியது. ஒரு சில்லு ஹாடனின் கன்னத்தைக் கீறியது. தேநீர் வழிந்து இறங்கியது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

“கை தவறிடுச்சு,” என்றான் நெவில்.

ஹாடன் எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். கன்னத்து ரத்தத்தைத் துடைக்கவில்லை. ஃபைலில் ஒரு தாளைச் செருகி மாரியனிடம் நீட்டினார். பேனாவையும் கொடுத்தார்.

“சொன்னத தேதியோட எழுதிக் கையெழுத்துப் போடுங்க மேடம்.” பிறகு நெவிலைப் பார்த்தார். “உங்க அறைக்கு ஒண்ணும் ஆகாது சார். அது நிக்கும்.”

அவள் நின்றபடியே எழுதினாள். ஏழுக்கு எப்போதும் போடுவதுபோல நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்டாள்.

ஹாடன் தேதியை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். ஃபைலின் அடியிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைப் பாதி உருவினார். அதில் பெயர் இல்லை. வீட்டு எண் மட்டும் இருந்தது, இருபத்தேழு. ஏழின் நடுவில் ஒரு குறுக்குக்கோடு.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தாளை உள்ளே தள்ளி ஃபைலை மூடினார்.

“அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு எனக்கு வேணும்,” என்றார். “இப்பவே என் கார்ல போய் வாங்கிடலாமா?”

நெவில் அசையவில்லை. இனி யாரும் தொட முடியாத அந்த அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு வாசலில் விக்கரி குப்பைத் தொட்டியில் கண்ணாடிச் சில்லுகளைக் கொட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

மாரியன் அவர் வாயைப் பார்க்காமல் காரில் ஏறினாள்.